கடல் கடந்த பென்ஷனும் உள்நாட்டு வரியும்

பிரிட்டிஷார் ஆண்ட நாளில், 'ஹோம் சார்ஜஸ்' என்ற பெயரால் நம் தேசத்து வருமானத்திலிருந்து வருஷந்தோறும் ஒரு பெருந்தொகை சீமைக்குப் போயிற்று. இங்கே உத்தியோகம் பார்த்து ஊர் திரும்பிய துரைமார்களின் பென்ஷனும் அதில் அடக்கம். தாதாபாய் நௌரோஜி 1901-ல் வெளியிட்ட நூலில் இச்செல்வ வடிகாலைக் கணக்குப் போட்டுக் காட்டினார். ஆயினும் 1935-ம் வருஷத்து இந்திய அரசாங்கச் சட்டம், இந்தியாவுக்கு வெளியே நிரந்தரமாய் வசித்த அத்தகைய பென்ஷன்காரர்களுக்கு நம் நாட்டு வரியிலிருந்து விலக்கே அளித்தது!

இன்று நிலைமை மாறியிருக்கிறது. நம்மவர் அயல்நாடுகளில் உழைத்து, பென்ஷனுடன் தாயகம் திரும்புகிறார்கள். நம் அண்டை வீட்டுப் பெரியவர் அவர்களில் ஒருவர். முப்பது வருஷம் அமெரிக்காவில் இருந்தவர். இந்தியப் பிரஜையாகவே திரும்பி மூன்று வருஷமாயிற்று. "அங்கேயே வரி பிடித்துக்கொண்டுதானே அனுப்புகிறார்கள்? இங்கே எதற்கு ஸார் சொல்ல வேண்டும்?" என்று அவர் ஒருநாள் நம்மைக் கேட்டார். பல குடும்பங்களில் எழும் கேள்வி ஆகையால், விடையைச் சற்று விளக்குவோம்.

நம் வருமான வரிச் சட்டம் பெரும்பாலும் ஒருவர் எந்த நாட்டுப் பிரஜை என்று பார்ப்பதில்லை. எத்தனை நாள் இங்கே வசித்தார் என்றே பார்க்கிறது. ஏப்ரல் முதல் மார்ச்சு வரையுள்ள வருஷத்தில் 182 நாள் இங்கிருந்தால் அவர் இந்திய வாசி. 1961-ம் வருஷத்துச் சட்டத்தின் இப்பிரதான விதி 2025-ம் வருஷத்துப் புதிய சட்டத்திலும் தொடர்கிறது. அமெரிக்காவின் வழியோ வேறு. அதன் பிரஜை எங்கே வசித்தாலும் அது வரி கேட்கும். மெக்ஸிகோவில் வசித்த ஓர் அமெரிக்கரின் வழக்கில் 1924-லேயே அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அதனை ஒப்புக்கொண்டது.

நெடுங்காலம் கழித்துத் திரும்புவோருக்கு நம் சட்டம் கொஞ்சம் அவகாசம் தருகிறது. முந்தைய பத்து வருஷங்களில் ஒன்பதில் வெளிநாட்டு வாசியாக இருந்தவரும், முந்தைய ஏழு வருஷங்களில் 729 நாளுக்கு மேல் இங்கே தங்காதவரும் 'சாதாரண வாசி' ஆகமாட்டார்கள். பெரும்பாலும் இரண்டு மூன்று வருஷம் நீடிக்கும் அந்நிலையில், அயல்நாட்டிலே விளைந்து அங்கேயே பெற்றுக்கொண்ட பென்ஷனுக்கு இங்கே வரி இல்லை. அதன்பின் உலகெங்கும் வரும் வருமானத்தைக் கணக்கில் காட்டியாக வேண்டும்.

அப்படியானால் ஒரே பணத்துக்கு இரண்டு வரியா? அதைத் தடுக்கவே இந்தியாவும் அமெரிக்காவும் 1989-ல் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. அதன்படி அமெரிக்க சர்க்கார் தரும் 'சோஷியல் செக்யூரிட்டி' பென்ஷனுக்கு அமெரிக்கா மட்டுமே வரி விதிக்கலாம். நம் பெரியவரைப் போன்ற அந்நியருக்கு, அதில் 85 சதவிகிதத்தின் மீது 30 சதவிகிதம் பிடிக்கிறார்கள். நூறு டாலருக்கு இருபத்தைந்தரை டாலர். அதற்கு இங்கே மறுபடி வரி கிடையாது. ஆனால் தொழிலாளியும் முதலாளியும் சேர்த்த '401-கே' போன்ற நிதியிலிருந்து வரும் பென்ஷன் வேறு வகை. அதற்கு வசிக்கும் நாடே வரி விதிக்கும். அந்நிதி வளரும் வருஷமெல்லாம் இங்கே வரி செலுத்தாமல், பணம் எடுத்து அங்கே வரி ஏற்படும் வருஷத்திலேயே செலுத்த 2021-ல் வழி செய்யப்பட்டது.

பெரியவர் அறியாத விஷயம் இன்னொன்று. சாதாரண வாசியானவர், வரி ஏற்படாவிட்டாலும், அயல்நாட்டுச் சொத்துக்களை வருமானக் கணக்கில் குறிப்பிட வேண்டும். தவறினால் 2015-ம் வருஷத்துக் கறுப்புப் பணச் சட்டப்படி பத்து லக்ஷம் ரூபாய் அபராதம் விதிக்கலாம். நிலம், வீடு தவிர்த்த சொத்துக்கள் மொத்தம் இருபது லக்ஷத்துக்கு மேற்படாதவர்களுக்கு மட்டும் 2024 முதல் விலக்கு உண்டு. வாழ்நாள் சேமிப்பு முழுவதும் அங்கே இருப்பவருக்கு அவ்விலக்கு எம்மாத்திரம்?

நல்ல வேளையாக, பெரியவருக்கு இதுதான் சாதாரண வாசியான முதல் வருஷம். கணக்கரிடம் காகிதங்களைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார். வீடு திரும்பும் உறவினர் உள்ள குடும்பத்தாரும் பயணச் சீட்டு வாங்குமுன்பே நாட்கணக்கையும் பென்ஷனின் வகையையும் எழுதி வைத்துக்கொள்வது நலம்.

அன்று நம் பணத்தில் வாழ்ந்தவர் நமக்கு வரி செலுத்தவில்லை. இன்று நாமே சட்டம் செய்கிறோம். கொடுக்க வேண்டியதை ஒளிக்காமல் கொடுப்பதும், கொடுக்க வேண்டாததை அறியாமையால் கொடாதிருப்பதும் சுதந்திரப் பிரஜைக்கு அழகாகும்.