ஷோகேஸில் வெந்து போகும் ஒயின்! பாட்டிலைக் காப்பாற்றுவது எப்படி?

மறைமலை நகர்: வெளிநாட்டிலிருந்து லீவுக்கு வந்த மச்சான் ஒரு ஒயின் பாட்டில் கொண்டு வந்து கொடுக்கிறார். அல்லது கம்பெனியில் கொரியாக்கார, ஜப்பான்கார அதிகாரி ஊருக்குக் கிளம்பும்போது அன்பளிப்பாகக் கொடுத்துவிட்டுப் போகிறார். வீட்டுக்கு வந்த பாட்டில் நேராக டிவி ஷோகேஸில் ஏறி உட்கார்ந்து கொள்கிறது. 'ஒயின் பழசாக ஆகத்தான் ருசி' என்று யாரோ சொன்னதை நம்பி, அடுத்த பொங்கலுக்குத் திறக்கலாம் என்று காத்திருப்பார்கள். திறந்து வாயில் வைத்தால் ஒரே புளிப்பு! "டூப்ளிகேட் சரக்கு போல" என்று கொடுத்தவரைத் திட்டுவதுதான் மிச்சம்.

பாவம், கொடுத்தவர் மேல் குற்றமே இல்லை. பாட்டிலைக் கெடுத்தது நம்ம ஊர் வெயில்.

பிராந்தி வேறு, ஒயின் வேறு

பிராந்தியில் ஆல்கஹால் 42.8 சதவீதம். அதனால் அலமாரியில் வருஷக்கணக்கில் கிடந்தாலும் சுலபத்தில் கெடாது. ஒயின் அப்படி இல்லை. அதில் ஆல்கஹால் பெரும்பாலும் 12 முதல் 14 சதவீதம்தான். மீதி பெரும்பகுதி திராட்சை தந்த தண்ணீர். சூடு, வெளிச்சம், காற்று மூன்றும் அதற்கு எதிரி.

ஒயினை வைக்கச் சரியான சூடு 10 முதல் 15 டிகிரி செல்சியஸ். மே மாதம் நம்ம பக்கம் வெயில் 40 டிகிரியைத் தொடும். ஆஸ்பெஸ்டாஸ் கூரை வீட்டில் பரண் மேல் வைத்தால் கேட்கவே வேண்டாம். உள்ளே இருப்பது வெந்து போய், பழ வாசனை போய்விடும். சூட்டில் விரியும் ஒயின் கார்க்கையே வெளியே தள்ளும். அந்த இடுக்கு வழியாகக் காற்று புகுந்தால் கதை முடிந்தது.

பழசாக ஆகத்தான் ருசி என்பதும் முழு உண்மை இல்லை. அது ஒரு சில விலை உயர்ந்த ரகங்களுக்குத்தான். கடையில் கிடைக்கும் சாதாரண ஒயின் எல்லாம் ஒன்றிரண்டு வருஷத்துக்குள் குடிப்பதற்காகவே செய்யப்பட்டவை.

2 ஆயிரம் வருஷத்துக்கு முன்பே...

ஒயினைச் சேமித்து வைப்பது நம்ம மாவட்டத்துக்குப் புதுசு என்று நினைக்க வேண்டாம். கல்பாக்கம் அருகே பாலாறு கடலில் கலக்கும் இடத்துக்குப் பக்கத்தில் வசவசமுத்திரம் என்று ஒரு ஊர். அங்கே 1970-ல் தமிழக தொல்லியல் துறை தோண்டியபோது, ரோமாபுரி வியாபாரத்தில் புழங்கிய 'அம்போரா' ஜாடிகளின் உடைசல்கள் கிடைத்தன. புதுச்சேரி பக்கம் அரிக்கமேட்டில் 1945-ல் மார்ட்டிமர் வீலர் நடத்திய அகழாய்விலும் இதே வகை ஜாடிகள் வந்தன. ஒயினும் எண்ணெயும் கப்பலில் வந்தது இந்த ஜாடிகளில்தான்.

அந்த ஜாடியின் அடி கூம்பு மாதிரி இருக்கும். மணலில் சொருகி நிறுத்தலாம். ஒயின் கசியாமல் இருக்க உள்பக்கம் பிசின் பூசுவார்கள். காற்று போகாமல் வாயை இறுக்கி அடைப்பார்கள். ஃபிரிட்ஜ் இல்லாத காலத்தில் அவர்கள் பட்ட பாடு இது!

எங்கே வைக்கலாம்?

* ஃபிரிட்ஜ் மேலே கூடாது. அங்கே சூடும் அதிர்வும் அதிகம். அடுப்புப் பக்கம், ஜன்னல் ஓரம், ஷோகேஸ் மூன்றும் கூடாது.

* கட்டிலுக்கு அடியில் அல்லது பீரோவின் கீழ்த்தட்டில், துணி சுற்றி வைக்கலாம். வீட்டிலேயே தரை ஓரம்தான் குளிர்ச்சி.

* கார்க் போட்ட பாட்டிலைப் படுக்க வைக்க வேண்டும். கார்க் நனைந்தபடி இருந்தால்தான் காய்ந்து சுருங்காது. திருகு மூடி என்றால் நிற்க வைத்தாலும் பரவாயில்லை.

* ஃபிரிட்ஜ் இருந்தால் கீழ்த்தட்டில் சில வாரம் தாராளமாக வைக்கலாம். ஃபிரீசரில் மட்டும் வைக்கவே கூடாது. உறைந்து விரிந்தால் பாட்டில் வெடிக்கும்.

* ஃபிரிட்ஜ் இல்லையா? மண் பானையில் ஈர மணலை நிரப்பி பாட்டிலைச் சொருகி, மேலே ஈரச் சாக்கு போட்டு நிழலில் வையுங்கள். பானைத் தண்ணீர் குளிரும் அதே கணக்குதான். சில டிகிரி குறையும்.

* மதியம் 12 மணிக்குக் கடை திறந்ததும் வாங்கி, பைக் டிக்கியில் போட்டுவிட்டு இரண்டாம் ஷிப்டுக்குப் போவதை விட்டுவிடுங்கள். வெயிலில் நிற்கும் பைக் டிக்கி கிட்டத்தட்ட இட்லிப் பானை!

திறந்த பிறகு?

மூடியைத் திறந்ததும் காற்று உள்ளே போகும். காற்றில் உள்ள பாக்டீரியா ஒயினை வினிகர் ஆக்கிவிடும். மீதியை மூடி ஃபிரிட்ஜில் வைத்தால் 3 முதல் 5 நாள் தாங்கும். நுரைக்கிற ரகம் ஓரிரு நாள்தான். பாதி பாட்டில் மிச்சம் என்றால் காலியான சின்னக் கண்ணாடி பாட்டிலைக் கழுவிக் காயவைத்து, கழுத்து வரை நிரப்பி மூடுங்கள். காற்றுக்கு இடம் இருக்காது.

ஒன்று மட்டும் உஷார். ஜூஸ் பாட்டிலிலோ தண்ணீர் பாட்டிலிலோ ஊற்றி வைக்காதீர்கள். திராட்சை ஜூஸ் என்று நினைத்து வீட்டுப் பிள்ளைகள் குடித்துவிட்டால் ஆபத்து.

எந்தச் சாப்பாட்டுக்கு எது?

நம்ம சாப்பாட்டில் காரம் தூக்கல். துவர்ப்பு அதிகமான சிவப்பு ஒயின் நாக்கில் காரத்தை இன்னும் ஏற்றிவிடும். காரக் குழம்புக்கும் சிக்கன் 65-க்கும் லேசான இனிப்புள்ள, நன்றாகக் குளிர வைத்த வெள்ளை ஒயின்தான் சரி.

மீன் வறுவல், இறாலுக்கும் வெள்ளைதான். சிவப்பு ஒயினில் உள்ள இரும்புச்சத்து மீனோடு சேர்ந்தால் வாயில் கவிச்சி அடிக்கும் என்று 2009-ல் ஜப்பான் ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடித்தார்கள். பிரியாணிக்கு ரோஸ் நிற ஒயின் ஒத்துப் போகும். காரம் குறைந்த மட்டன் சுக்காவுக்குச் சிவப்பு. அதையும் அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்துக் குடிப்பது நல்லது. 'ரூம் டெம்பரேச்சரில் குடி' என்று சொன்னது குளிர் தேசத்து ரூமை வைத்து. நம்ம ரூமை வைத்து இல்லை!

'ஒயின்தானே' என்று ஏமாற வேண்டாம்

ஒயின் லேசானது என்று நம்மாளுங்க நினைப்பதுதான் பெரிய தப்பு. 150 மில்லி ஒயினில் இருக்கும் ஆல்கஹால், 45 மில்லி பிராந்தியில் இருப்பதற்குச் சமம். 750 மில்லி பாட்டில் முழுவதையும் ஒருவரே காலி செய்தால் ஒரு குவார்ட்டரை விட அதிகம் உள்ளே போகிறது!

'ஒயின் இதயத்துக்கு நல்லது' என்ற பேச்சும் எடுபடாது. எந்த அளவு மதுவும் பாதுகாப்பானது இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஈரல் கோளாறு உள்ளவர்கள், மாத்திரை சாப்பிடுபவர்கள், கர்ப்பிணிகள் தொடவே கூடாது. தமிழ்நாட்டில் 21 வயது ஆகாதவர்களுக்கு விற்கவும் கூடாது.

குடித்துவிட்டு ஜிஎஸ்டி ரோட்டில் வண்டி எடுத்தால், ஒயின் என்றாலும் போலீஸ் மெஷின் ஊதச் சொல்லும். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் தாண்டினாலே கேஸ். முதல் தடவைக்கே 10 ஆயிரம் ரூபாய் அபராதம், இல்லாவிட்டால் 6 மாதம் வரை ஜெயில், இரண்டும் சேர்ந்தும் விழலாம்.

மச்சான் கொடுத்த பாட்டில் இன்னும் ஷோகேஸில்தான் இருக்கிறதா? இன்றைக்கே இறக்கிக் கட்டிலுக்கு அடியில் படுக்க வையுங்கள். பொங்கல் வரை காத்திருக்காமல், லீவு நாளில் நாலு பேர் சேர்ந்து சாப்பிடும்போது ஆளுக்கு ஒரு கிளாஸோடு முடித்துக்கொள்ளுங்கள். ஒயினும் வீணாகாது, உடம்பும் வீணாகாது.