கண்டலும் கடனும்

மட்டக்களப்பு வாவியின் 56 கிலோமீற்றர் நீளத்தில் ஆங்காங்கே நிற்கும் கண்டற்காடே இறாலுக்கும் மீன்குஞ்சுக்கும் தொட்டிலாகும். விறகுக்காக அதனை வெட்டும் வறியோரைச் சட்டத்தால் மட்டும் தடுத்துவிடலாமென நாம் கருதவில்லை. 2015ஆம் ஆண்டிற் சிலாபத்துச் 'சுதீச' மீனவர் அமைப்பும் கலிபோர்னியாவின் 'சீகொலஜி' நிறுவனமும் இலங்கை அரசும் கூடித் தொடங்கிய திட்டம் வேறு வழியை நாடிற்று: நாடெங்கும் 1,500 சமூகங்களில் 15,000 பெண்களுக்குத் தொழிற்பயிற்சியும் சிறுகடனும் அளித்தல்; கைம்மாறாக அவர்கள் தத்தம் ஊர்க் கண்டலைக் காத்தல்.

கடனென்றதும் முகஞ்சுளிப்போர் உளர். 2009இற் போர் ஓய்ந்தபின் நுண்கடன் இம்மாவட்டத்துப் பெண்களைப் படுத்திய பாட்டை அறிந்தோர்க்கு அஃது இயல்பே. இனி இத்தகைய கூட்டு எதுவும் நம் கரைக்கு வருமாயின், வட்டி எவ்வளவு, தவணை தவறினால் யாது நேரும் என்பவற்றை மாதர் சங்கங்கள் முதலிற் கேட்டறிதல் வேண்டும்; அக்கணக்கைப் பார்த்துக்கொடுக்க வங்கித் தொழிலறிந்த நம் பழைய மாணவர் முன்வரலாம்.