ஒரு பாலம், இரு தட்டுகள்

அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் பார்க்ஃபீல்ட் என்றொரு குக்கிராமம் உள்ளது. அங்கு சாலையோரம் ஓர் ஓடைப் பாலம். அதன் ஒரு முனையில் 'வட அமெரிக்கத் தட்டு' என்றும் மறு முனையில் 'பசிபிக் தட்டு' என்றும் பலகைகள் நிற்கின்றன! இவ்விரு தட்டுகளின் எல்லையே சான் ஆண்ட்ரியாஸ் நிலப்பிளவு. நீளம் சுமார் 1200 கி.மீ. நம் நகம் வளரும் வேகத்தில் தட்டுகள் ஒன்றையொன்று உராய்ந்து நகர்கின்றன. உராய்வினால் பாறைகள் சிக்கிக்கொண்டால், வில்லை வளைப்பதுபோல் அவற்றில் ஆற்றல் சேர்கிறது. சிக்கல் திடீரென விடுபடுவதே நிலநடுக்கம்.

இவ்வூரில் 1857, 1881, 1901, 1922, 1934, 1966 ஆகிய ஆண்டுகளில் நிலநடுக்கங்கள் நிகழ்ந்தன. சராசரி இடைவெளியை நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். ஏறத்தாழ 22 ஆண்டுகள் வரும். எனவே, 1993க்குள் அடுத்தது நிகழும் என 1985இல் அமெரிக்க அறிவியலார் அறிவித்தனர். நில அதிர்வுமானிகளையும் நிலத்தின் நகர்வை அளக்கும் கருவிகளையும் பதித்துவிட்டுக் காத்திருந்தனர். 1993 கடந்தது, ஒன்றும் நிகழவில்லை. (1922க்கும் 1934க்கும் இடையே 12 ஆண்டுகளே என்பதைக் கவனித்தீர்களா? சராசரியை நான் அவ்வளவாக நம்புவதில்லை.)

ஒருவழியாக 2004 செப்டம்பர் 28 அன்று, 6.0 அளவில் நிலம் நடுங்கியது. அத்தனை கருவிகள் விழித்திருந்தும், முன்னறிவிப்பாகக் கொள்ளத்தக்க தெளிவான அறிகுறி எதுவும் அவற்றில் பதிவாகவில்லை.