பதில் சொல்பவர் யார்? பிட்காயின் தகராறும் பயனர் உரிமையும்

பிட்காயின் பரிவர்த்தனைகள் ‘பிளாக்’ எனப்படும் பதிவுத் தொகுதிகளில் இடம்பெற்ற பின்னரே உறுதிப்படுகின்றன. கணினித் திறனையும் மின்சாரத்தையும் செலவிட்டு அத்தொகுதிகளை உருவாக்கி, அதற்கு ஈடாகப் புதிய நாணயமும் கட்டணமும் பெறும் பணி ‘மைனிங்’ என்றும், அவற்றை விதிப்படி சரிபார்க்கும் கணினிகள் ‘நோடு’கள் என்றும் அழைக்கப்படுகின்றன. சராசரியாகப் பத்து நிமிடத்துக்கு ஒரு தொகுதியே உருவாவதால், அதிலுள்ள இடத்தை எதற்குப் பயன்படுத்துவது என்பதில் பூசல் எழுகிறது.

தொகுதியின் அளவு குறித்த கருத்து வேறுபாட்டால் 2017 ஆகஸ்டில் பிட்காயின் கேஷ் தனி நாணயமாகப் பிரிந்தது. நோடுகளை இயக்கும் ‘பிட்காயின் கோர்’ மென்பொருளின், 2025 அக்டோபரில் வெளியான 30ஆம் பதிப்பு, பரிவர்த்தனையோடு இணைத்து எழுதப்படும் பிற தரவுகளுக்கு நோடுகள் இயல்பாக அனுமதித்த சுமார் 80 பைட் வரம்பை 1,00,000 பைட்டாக உயர்த்தியபோது, சட்டவிரோத உள்ளடக்கமும் அழியாமல் தங்கிவிடும் என்று அஞ்சியோர் அதை எதிர்த்தனர்.

இத்தகைய தகராறுகளில் பயனர் முறையிட பிட்காயினுக்கென ஓர் அலுவலகம் இல்லை. தனிநபர் தரவை அழிக்கக் கோரும் உரிமையை இந்தியாவின் 2023ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வகுத்திருந்தாலும், அத்தொகுதிகளின் தொடரான ‘பிளாக்செயினில்’ பதிவானதை அழித்துத் தரும் பொறுப்பாளர் எவருமில்லை.

நாணயத்தை வாங்கி விற்க உதவும் பரிமாற்ற நிறுவனங்களின் நிலை வேறு. 2024 ஜூலையில் வசீர்எக்ஸ் தளத்தில் நடந்த இணையத் திருட்டின் இழப்பை எல்லாப் பயனர்கள்மீதும் அந்நிறுவனம் பகிர முற்பட்டதை எதிர்த்து, திருடுபோகாத நாணயங்களை வைத்திருந்த முதலீட்டாளர் ஒருவர் தொடுத்த வழக்கில், கிரிப்டோ நாணயம் சட்டப்படி சொத்தே என்றும், அதை ஒருவருக்காக மற்றொருவர் நம்பிக்கைப் பொறுப்பில் வைத்திருக்க இயலும் என்றும் சென்னை உயர் நீதிமன்றம் 2025 அக்டோபரில் கூறி, அவருக்கு இடைக்காலப் பாதுகாப்பு அளித்தது.

ஆகவே, இந்திய அரசின் நிதி நுண்ணறிவுப் பிரிவில் பதிவு பெற்ற நிறுவனத்தையே நாடுவதும், ஒப்பந்த விதிகளையும் பரிவர்த்தனைச் சான்றுகளையும் சேமித்து வைப்பதும், ஆதாயத்துக்கு 30 விழுக்காடு வரி உண்டு என்பதை நினைவில் கொள்வதும் அவசியம். மோசடி நேர்ந்தால் தாமதமின்றி 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணில் புகார் அளிக்க வேண்டும். பெயர், ஆதார் எண், குடும்பப் படம் ஆகியவற்றை எக்காரணம் கொண்டும் பிளாக்செயினில் எழுதக் கூடாது; அங்கே எழுதியதை எந்த நீதிமன்ற ஆணையாலும் அழிப்பது அரிது.