டூட் சூட்

டூட் சூட் என்பது பிரெஞ்சு இசையமைப்பாளரும் ஜாஸ் பியானோக் கலைஞருமான குளோட் போலிங், செவ்வியல் டிரம்பெட்டுக்கும் ஜாஸ் பியானோ மூவர் குழுவுக்கும் எழுதிய இசைத்தொகுப்பு ஆகும். பியானோ, டபுள் பாஸ், டிரம்ஸ் ஆகிய மூன்றும் சேர்ந்ததே இங்கு மூவர் குழு எனப்படுகிறது. டிரம்பெட் கலைஞர் மோரிஸ் ஆந்த்ரேயுடன் போலிங் இதனை இசைத்த இசைத்தட்டு 1981 ஆம் ஆண்டில் வெளிவந்தது. இதன் பெயர் ஒரு சொல் விளையாட்டு. "டூட்" என்பது ஊதுகருவி எழுப்பும் ஒலியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல். பெயரைச் சேர்த்து ஒலித்தால் "உடனடியாக" எனப் பொருள்படும் பிரெஞ்சுத் தொடர் போலக் கேட்கும்.

பின்னணி

போலிங் (1930–2020) இளமையிலேயே ஜாஸ் பியானோவில் பெயர் பெற்றவர், டியூக் எலிங்டனின் இசையில் பெரும் ஈடுபாடு கொண்டவர், திரைப்படங்களுக்கும் இசையமைத்தவர். புல்லாங்குழல் கலைஞர் ழான்-பியர் ராம்பாலுடன் இவர் 1975 இல் வெளியிட்ட புல்லாங்குழல் தொகுப்பு, அமெரிக்காவின் பில்போர்டு செவ்வியல் இசைப் பட்டியலில் 530 வாரங்கள் இடம்பெற்றது. அதன் பின்னர் கித்தார், வயலின் ஆகியவற்றுக்கும் இதே முறையில் எழுதினார். டிரம்பெட் தொகுப்பு இவ்வரிசையில் வந்ததாகும்.

மோரிஸ் ஆந்த்ரே (1933–2012) தெற்குப் பிரான்சின் அலெஸ் நகரில் சுரங்கத் தொழிலாளி ஒருவரின் மகனாகப் பிறந்தார். தாமும் இளம் வயதில் சுரங்கத்தில் வேலை செய்தார். பின்னர் பாரிஸ் இசைக் கல்லூரியில் பயின்று, 1955 இல் ஜெனீவா போட்டியிலும் 1963 இல் மியூனிக் போட்டியிலும் முதற் பரிசு பெற்றார். டிரம்பெட்டைத் தனிக்கச்சேரிக் கருவியாக நிலைநிறுத்தியவர்களுள் முதன்மையானவர் இவரே எனலாம்.

கருவிகள்

தொகுப்பு ஆறு பகுதிகளைக் கொண்டது: அலேக்ர், மிஸ்தீக், ராக்-போல்க்கா, மார்ஷ், வெஸ்பெரால், ஸ்பிரித்துவெல். இதன் சிறப்பு, ஊதுபவர் ஒரே டிரம்பெட்டுடன் நின்றுவிட முடியாது என்பதாகும். ராக்-போல்க்காவுக்கு மென்மையான ஒலியுடைய கார்னெட் தேவை. அந்திவேளையை நினைவூட்டும் வெஸ்பெரால் பகுதி, இன்னும் தடித்த, இருண்ட ஒலி கொண்ட ஃபிளூகல்ஹார்னுக்கு உரியது. இறுதிப் பகுதியில் பிக்கோலோ டிரம்பெட் ஒலிக்கிறது. இதன் குழாய் நீளம் வழக்கமான டிரம்பெட்டில் ஏறத்தாழப் பாதி. ஆகவே ஒரு ஸ்தாயி மேலே ஒலிக்கும்.

இம்மாற்றம் அழகுக்காக மட்டும் அன்று. முழு வலிமையுடன் ஊதப்படும் டிரம்பெட், மூவர் குழுவை எளிதில் மூழ்கடித்துவிடும். கார்னெட்டும் ஃபிளூகல்ஹார்னும் பியானோவுக்கு இடம் விடுகின்றன. ஆனால் ஊதுபவருக்கு இது கடினம். ஒவ்வொரு கருவிக்கும் வாய்முனையும் காற்றின் அழுத்தமும் வேறுபடும். உதடுகள் களைத்துப்போன பின்னரே மிக உயர்ந்த சுரங்களைத் தரும் பிக்கோலோவை எடுக்க வேண்டியுள்ளது.

எழுதிய இசையும் ஸ்விங் நடையும்

கர்நாடக இசையில் மனோதர்மம் எனப்படுவதற்கு ஒப்பானது ஜாஸ் இசையின் உயிர்நாடி. ஆயினும் டூட் சூட்டில் டிரம்பெட்டுக்குரிய பகுதி முழுவதும் சுரக்குறிகளால் எழுதப்பட்டுள்ளது. செவ்வியல் பயிற்சி மட்டும் பெற்றவரும் இதனை இசைக்கலாம் என்பது போலிங்கின் ஏற்பாடு. அவர் டிரம்பெட்டை ஜாஸ் கருவியாக மாற்ற முயலவில்லை. டிரம்பெட் பரோக் இசைக்குரிய தெளிவான நாவசைவுடன் செல்ல, அதனருகே மூவர் குழு ஜாஸ் நடையில் செல்கிறது. சில இடங்களில் ஒன்றன் சொற்றொடரை மற்றொன்று வாங்கித் தன் நடையில் திருப்பிச் சொல்கிறது.

சிக்கல் தாளத்தில் எழுகிறது. செவ்வியல் இசையில் ஓர் அடிக்குள் வரும் இரு சுரங்கள் சம நீளமுடையவை. ஸ்விங் நடையில் முதற் சுரம் நீண்டும் அடுத்தது குறுகியும் ஒலிக்கும். திசிர நடையில் ஓர் அடியை மூன்றாகப் பகுத்து, முதற் சுரத்துக்கு இரண்டு பங்கும் அடுத்ததற்கு ஒரு பங்கும் கொடுப்பது போன்றது இது. வேகம் கூடக்கூட இவ்விகிதம் சமநிலையை நெருங்கும் என்பதால் இதனைத் துல்லியமாக எழுதிக் காட்ட இயலாது. கேட்டே பழக வேண்டும். தாளிலுள்ளதை அப்படியே ஊதினால் விறைப்பாகவும், மிகைப்படுத்தினால் கேலியாகவும் தோன்றும்.

மதிப்பீடு

புல்லாங்குழல் தொகுப்பை விட இது கடினமான முயற்சி என்றே கூற வேண்டும். புல்லாங்குழலுக்கு ஜாஸ் இசையில் முன்னணி இடம் இருந்ததில்லை. எனவே ராம்பாலின் ஒலி புதுமையாகத் தோன்றியது. டிரம்பெட்டோ லூயிஸ் ஆம்ஸ்ட்ராங் முதல் மைல்ஸ் டேவிஸ் வரை ஜாஸ் இசையின் தலைமைக் கருவியாக விளங்கியது. சுரத்தை வளைத்தல், உறுமல், அடைப்பான் கொண்டு ஒலியை மாற்றுதல் முதலியவற்றை எதிர்பார்க்கும் செவிகளுக்கு ஆந்த்ரேயின் தூய ஒலி அந்நியமாகப் படக்கூடும். எனினும் அவர் ஜாஸ் கலைஞராக வேடமிடாததே இப்பதிவின் பலம்.

இதற்கு மாறான வழியில் சென்றவர் அமெரிக்கரான வின்டன் மார்சாலிஸ். இரு மரபுகளையும் தனித்தனியே கற்ற இவர், 1984 இல் நடைபெற்ற கிராமி விழாவில் ஜாஸ், செவ்வியல் ஆகிய இரு பிரிவுகளிலும் விருது பெற்றார். செவ்வியல் விருதுக்குரிய இசைத்தட்டில் ஹைடன் 1796 இல் எழுதிய டிரம்பெட் கச்சேரி இசையும் அடங்கும்.

டூட் சூட் சில வேளைகளில் பாஸும் டிரம்ஸும் இன்றிப் பியானோவுடன் மட்டும் இசைக்கப்படுவதுண்டு. அப்போது ஸ்விங் நடையைத் தாங்கும் பொறுப்பு முழுவதும் பியானோ வாசிப்பவரின் இடக்கையைச் சேர்கிறது.