காயல்லாத காய்!

பிள்ளை பெற்ற வீட்டில் பாட்டி உரைகல்லை எடுத்து வைத்துக்கொண்டு இழைக்கும் உரை மருந்துச் சாமான்கள் நினைவிருக்கின்றனவா? வசம்பு, கடுக்காய், சாதிக்காய், மாசிக்காய். இவற்றில் வசம்பு கிழங்கு, கடுக்காய் காய், சாதிக்காய் விதை. மாசிக்காய்? "இதென்ன கேள்வி? பெயரிலேயே காய் இருக்கிறதே!" என்பீர்கள். பெயரில்தான் காய்! அது பூத்துக் காய்த்ததே அல்ல. ஒரு குளவிக் குஞ்சுக்காக மரம் கட்டிக்கொடுத்த தொட்டில் அது.

துருக்கி, சிரியா, ஈரான் நாட்டு மலைப் பக்கங்களில் ஒருவகை ஓக் மரம் வளர்கிறது. எறும்பளவே உள்ள பெண் குளவி ஒன்று அதன் இளம் மொட்டில் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். முட்டையிலிருந்து வரும் புழு சுரக்கும் ரசங்களால் மொட்டின் போக்கே மாறிவிடுகிறது. கிளையாக வேண்டியது, கோலிக்குண்டு போல் உருண்டு திரள்கிறது. உட்சுவரில் புழுவுக்கு வேண்டிய சத்துணவு. வெளிச்சுவரில் வாய் வைக்க முடியாத துவர்ப்பு. பெற்றவள் செய்யாத பணிவிடையை மரம் செய்கிறது! மரத்துக்கு இதில் ஒரு காசு லாபமில்லை.

அத்தனை காவல் இருந்தும் ஆபத்து வராமலில்லை. வேறு ஜாதிக் குளவிகள் ஊசி போன்ற உறுப்பால் சுவரைத் துளைத்து உள்ளே முட்டையிடுகின்றன. அந்தக் குஞ்சுகள், வீட்டுக்கு உரிய புழுவையே தின்று வளர்கின்றன. மாசிக்காயில் சிறு துளை இருந்தால், யாரோ வெளியேறிவிட்டார்கள் என்று அர்த்தம். அது வீட்டுப் பிள்ளையா, கொலைகாரனா என்பது வேறு விஷயம்!

கடையில் வாங்கும்போது இந்தத் துளையைக் கவனியுங்கள். துளையில்லாமல், கருநீலமாக, கனமாக இருப்பதுதான் உயர்ந்த சரக்கு. வெளுத்து, துளைபட்டு, லேசாக இருப்பதில் துவர்ப்புச் சத்து குறைவு.

அந்தத் துவர்ப்புதான் உலகச் சரித்திரத்தையே எழுதியது என்றால் நம்புவீர்களா? இத்தகைய ஓக் புடைப்புகளை ஊறவைத்த நீரில் அன்னபேதி சேர்த்தால் கன்னங்கரேலென்று மை கிடைக்கும். ஐரோப்பாவில் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் அந்த மைதான் புழங்கிற்று. 1776-ல் அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தை எழுதியதும் அவ்வகை மையால்தான்.

அப்படியிருந்தும் இப்புடைப்புகளின் பிறப்பு ரகசியம் வெகு காலம் விளங்கவில்லை. மரமே புழுவைப் பெறுகிறது என்று அறிஞர்களே எண்ணியிருந்தார்கள். பூச்சியின் முட்டைதான் காரணம் என்று 1679-ல் எடுத்துக்காட்டியவர் இத்தாலிய வைத்தியர் மால்பீகி. நம் நாட்டுப் பூச்சியியல் அறிஞர் எம். எஸ். மணி, செடிகளின் புடைப்புகளுக்கும் சுற்றுச்சூழலுக்கும் உள்ள உறவைப் பற்றி 1964-ல் ஒரு தனி நூலே எழுதினார்.

இந்த அதிசயத்தைக் காணத் துருக்கிக்குப் போக வேண்டாம். அடுத்த பண்டிகைக்குத் தோரணம் கட்டும்போது மாவிலையைத் திருப்பிப் பாருங்கள். மிளகு மிளகாகப் புடைத்திருந்தால், கொசு போன்ற ஒரு சிறு ஈயின் பிள்ளைகள் அங்கே குடியிருக்கின்றன, அல்லது குடியிருந்துவிட்டுப் போயிருக்கின்றன!

கடைசியாக ஒன்று. மாசிக்காயின் துவர்ப்பு கடுமையானது. பாட்டி கொடுத்தாளே என்று கைக்குழந்தையின் நாவில் தடவிவிடாதீர்கள். முதலில் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். அந்தத் தொட்டில் குளவிப் பிள்ளைக்காகக் கட்டியது; நம் வீட்டுப் பிள்ளைக்காக அல்லவே!