25 ரூபாய் பாமாயில்

திருவொற்றியூர் தேரடிப் பக்கம் டீ வாங்கினால் கண் தானாக வடைச் சட்டிக்குப் போகும். சட்டியில் கொதிப்பது பெரும்பாலும் பாமாயில். இந்தோனேசியாவிலோ மலேசியாவிலோ பிழிந்து, கப்பல் ஏறி வந்தது. நாடு முழுக்கச் செலவாகும் சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் இப்படி வெளியிலிருந்துதான் வருகிறது. தமிழ்நாட்டு ரேஷன் கடையில் பாமாயில் லிட்டர் 25 ரூபாய், மிச்சத்தை அரசு போடுகிறது. அந்தப் பணத்தில் நம்மூர்க் கடலை எண்ணெயும் தேங்காய் எண்ணெயும் வாங்கிக் கொடுக்கலாமே என்று விவசாயச் சங்கங்கள் வெகுநாளாகக் கேட்கின்றன.

"அவங்களுக்குத்தான் ஆதார விலை கொடுக்கிறாங்களே?" என்பார் பக்கத்தில் டீ ஆற்றுபவர். எல்லோரும் இடறும் இடம் இதுதான். கொஞ்சம் நின்று பார்ப்போம்.

நிலக்கடலைக்கு 2025-26-ல் குவிண்டாலுக்கு 7,263 ரூபாய் குறைந்தபட்ச ஆதார விலை என ஒன்றிய அரசு அறிவித்தது. அறிவித்ததும் யார் கணக்கிலும் பணம் விழாது. காசிமேட்டு மீன் ஏலத்தை நினைத்துக்கொள்வோம். "விலை இதுக்குக் கீழே போனா நான் எடுத்துக்கறேன்" என்று ஒருவர் சொல்லி வைக்கிறார். அவர் கரைக்கு வந்து, தராசு வைத்து, பணத்தை எண்ணினால்தான் அந்தச் சொல்லுக்கு மதிப்பு. வராத நாளில் ஏலத்தில் கேட்ட விலைக்கே தள்ளிவிட வேண்டும். கடலை மீனைப் போல அன்றே கெட்டுவிடாதுதான். கடன் கொடுத்தவர் காத்திருக்க வேண்டுமே!

எண்ணெய் வித்துகளில் அந்த ஆள், அதாவது அரசு, அளந்துதான் வருகிறார். விலை சரிந்தால் மாநிலம் கேட்க வேண்டும், ஒன்றியம் அனுமதிக்க வேண்டும், பிறகு நாஃபெட் போன்ற ஒன்றிய முகமைக்காகக் கொள்முதல் நடக்கும். அதுவும் பொதுவாக ஒரு மாநில விளைச்சலில் 25 சதவீதம் வரைதான். அரவைக் கொப்பரைக்கு 2023-ல் ஆதார விலை குவிண்டால் 10,860 ரூபாய் என்றிருந்தபோது, நம் ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்களில் சிட்டா, அடங்கல், ஆதார், வங்கிப் புத்தகம் எல்லாம் கொடுத்துப் பதிந்தவர்களிடம்தான் வாங்கினார்கள். பணம் நேராக வங்கிக் கணக்குக்குப் போனது.

இத்தனை காகிதம் எதற்கு? 2020-ல் பி.எம். கிசான் திட்டத்தில் நடந்ததைப் பார்த்தால் புரியும். அது ஆண்டுக்கு 6,000 ரூபாயை நேரடியாகக் கணக்கில் போடும் திட்டம். தமிழ்நாட்டில் தகுதியில்லாத சுமார் 5.5 லட்சம் பேர் அதில் புகுந்து, 110 கோடி ரூபாய் போனது தெரியவந்தது. பெயரும் கணக்கு எண்ணும் எழுத்தில் இருந்ததால்தான் எண்ணிப் பார்க்கவும், பணத்தைத் திரும்ப வாங்கவும் முடிந்தது.

ஆதார விலையில் அந்த வசதி பாதிதான். வாங்கிய மூட்டைக்கு ரசீது உண்டு. திரும்பிப் போன மூட்டைக்கு ஏது ரசீது? பட்டியலைப் புரட்டினால் பெற்றவர் பெயர் இருக்கும், வாசலோடு திரும்பியவர் பெயர் இருக்காது. உள்ளூர் விலையைத் தாங்கும் இன்னொரு வழியான இறக்குமதி வரியில் பட்டியலே கிடையாது. சுத்திகரிக்காத பாமாயிலின் அடிப்படைச் சுங்கவரி 2024 செப்டம்பரில் 20 சதவீதமாக ஏறி, 2025 மே இறுதியில் 10 ஆக இறங்கியது. வரி ஏறினால் உள்ளூர்க் கடலைக்கு விலை கூடலாம், வடைக்கும் கூடலாம். யாரிடமிருந்து யாருக்கு எவ்வளவு போனது என்பதை எந்த அலுவலகமும் எழுதி வைப்பதில்லை.

தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-ன் 4-ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். மானியத் திட்டம் எப்படி நடக்கிறது, எவ்வளவு ஒதுக்கினார்கள், யார் பெற்றார்கள் என்பதையெல்லாம் யாரும் கேட்காமலே வெளியிட வேண்டும் என்கிறது. வெளியிடவில்லையா? 10 ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி, பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். எத்தனை மூட்டை வாங்கினீர்கள் என்பதோடு, எத்தனை பேர் பதிய வந்தார்கள் என்றும் கேளுங்கள்.